ஸ்பார்க் பிளக்கு மாற்றும் காலம்

ஏரின் கொழு தேய்ந்துவிட்டால் உழவு ஆழாது. மாடுகளும் விரைவில் களைத்துவிடும். அதற்காகக் கொழு முற்றிலும் ஒடியும் வரையில் காத்திருக்கும் உழவரும் இல்லை. கூர் மழுங்குமுன்னரே அதைக் கழற்றி எறிபவரும் இல்லை. தேய்மானத்தைக் கண்ணாற் கண்டு, பட்டறைக்கு அனுப்ப வேண்டிய நாளைத் தாமே அறிந்து செய்வது நமது குடியானவர்களின் பரம்பரை வழக்கம். இவ்வழக்கம் கொழுவிற்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவும் இன்று வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் காருக்கும், கொட்டகையில் தொங்கும் விசைத்தெளிப்பானுக்கும் பொருந்தும். இவ்விரண்டிலும் கொழுவைப் போலத் தேய்ந்துகொண்டேயிருக்கும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. அதுவே ஸ்பார்க் பிளக்கு.

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தையும் அரசலாற்றங்கரைக் கிராமங்களையும் எடுத்துக்கொண்டால், ஒரு நடுத்தரக் குடும்பத்தில் கார் ஒன்று, மோட்டார் சைக்கிள் ஒன்றோ இரண்டோ, விசைத்தெளிப்பான் ஒன்று, சிலரிடம் புல் வெட்டும் கருவி அல்லது களையெடுக்கும் யந்திரம் ஒன்று எனப் பெட்ரோலில் ஓடும் எஞ்சின்கள் நான்கைந்து சேர்ந்துவிடுகின்றன. நடந்து தள்ளும் நாற்று நடவு யந்திரங்களிலும் சில பெட்ரோலில் ஓடுவனவே. இவை அனைத்திலும் பிளக்கு உண்டு. ஆனால் "பிளக்கை எப்பொழுது மாற்றினீர்கள்?" என்று வினவினால், "வண்டி நின்ற அன்று" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். மற்றும் சிலர், மெக்கானிக் கூறினார் என்று, நல்ல நிலையிலுள்ள பிளக்கையும் ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றிவிடுகின்றனர். முன்னவருக்கு நேர்வது வேலை நஷ்டம். பின்னவருக்கு நேர்வது பண நஷ்டம். இரண்டையும் தவிர்க்கும் வழியைக் கீழே காணலாம்.

பிளக்கின் வேலை

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து சிலிண்டருக்குள் அமுக்கப்படுகின்றன. அமுக்கப்பட்ட கலவையைத் தக்க தருணத்தில் கொளுத்துவது பிளக்கின் வேலை. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் என்ற சுருள் 15 ஆயிரம் முதல் 30 ஆயிரம் வோல்ட் வரையில் உயர்த்தித் தருகிறது. அம்மின்சாரம் பிளக்கின் நடுக்கம்பி வழியே இறங்கி, நுனியிலுள்ள இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகிறது. நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெண்ணிறப் பீங்கான், மின்சாரம் வேறு வழியில் ஓடிவிடாமல் தடுக்கிறது. விசைத்தெளிப்பான் போன்ற சிறு எஞ்சின்களில் பாட்டரி இல்லை. சுழலும் சக்கரத்திலுள்ள காந்தமே இம்மின்சாரத்தை உண்டாக்குகிறது.

நுனியிலுள்ள இடைவெளி மிகவும் சிறியது. பழைய கார்களில் 0.6 மில்லி மீட்டர் அளவிலும், இக்காலத்துக் கார்களில் 0.8 முதல் 1.1 மில்லி மீட்டர் வரையிலும் இருக்கும். ஒவ்வொரு பொறியும் கம்பி நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துச் செல்கிறது. நாளடைவில் இடைவெளி அகல்கிறது. கூரான விளிம்புகள் உருண்டுவிடுகின்றன. இடைவெளி அகன்றால் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவையாகிறது. அதைத் தர முயலும் காயில் சூடேறிப் பழுதாகலாம். தர இயலாதபோது பொறி தவறிவிடும். பெட்ரோல் எரியாமலே வெளியேறும். எண்ணெய்ச் செலவு கூடும், இழுவை குறையும். காரின் புகைக் குழாயில் புகையைச் சுத்தி செய்யும் காடலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற உறுப்பு உண்டு. எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரிந்து, அதை உருகச் செய்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய காரியம் பல ஆயிரமாகப் பெருகுவது இவ்விதமே.

டீஸல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கு இல்லை என்பதையும் இங்கே கூற வேண்டும். டீஸல் எஞ்சினில் காற்று மிகுதியாக அமுக்கப்பட்டுச் சூடேறுவதால் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆகையால் டிராக்டர், பவர் டில்லர், அறுவடை யந்திரம், டீஸல் பம்பு செட்டு ஆகியவற்றை உடையவர்கள் இக்கட்டுரையை அவற்றிற்குப் பொருத்த வேண்டியதில்லை. சில டீஸல் வண்டிகளில் உள்ள குளோ பிளக்கு என்பது, புறப்படும் வேளையில் சூடேற்றித் தருவதற்கான வேறு உறுப்பாகும்.

வந்த வழி

மின்பொறியினால் எஞ்சினைக் கொளுத்தும் முறையை 1860-ஆம் ஆண்டிலேயே எதியேன் லெனுவார் என்பவர் தமது வாயு எஞ்சினில் கையாண்டார். 1902-ல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் கம்பெனியைச் சேர்ந்த காட்லோப் ஹோனோல்டு என்பவர் உயர் வோல்ட் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்த பின்னரே மோட்டார் வண்டிகள் நம்பி ஓட்டத்தக்கவையாயின. அதன் பின் பத்து ஆண்டுகளில், அதாவது 1912-ல், டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூரில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். காவிரிச் சமவெளிக்குப் பிளக்கின் பழக்கம் அவ்வாறு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது.

இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்பொழுது நமது பகுதிகளில் பஸ்கள் கரி வாயுவினால் ஓட்டப்பட்டன. கரி வாயுவையும் கொளுத்துவது பிளக்கின் பொறியே. பெட்ரோலில் ஈயம் கலந்து விற்கப்பட்ட காலமும் இருந்தது. அவ்வீயம் பிளக்கின் பீங்கானிற் படிந்து தொல்லை கொடுத்தது. இந்தியாவெங்கும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுகிறது. ஆகவே, சில ஆயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு முறை பிளக்கைக் கழற்றிச் சுரண்ட வேண்டும் என்று அக்கால டிரைவர்கள் வகுத்த விதி அந்தக் காலத்திற்கு உரியது. இன்றைய வண்டிக்கு அதை அப்படியே கொள்வது பொருந்தாது.

உலோகமும் ஆயுளும்

பிளக்கின் ஆயுள் அதன் நுனியிலுள்ள உலோகத்தைப் பெரிதும் பொறுத்தது. நிக்கல் கலந்த சாதாரணப் பிளக்கு விலை மலிவானது. நிக்கல் 1,455 டிகிரி செல்ஸியஸ் வெப்பத்தில் உருகும். பிளாட்டினம் 1,768 டிகிரியிலும், இரிடியம் 2,446 டிகிரியிலும் உருகுவன. இவ்வுலோகங்கள் பொறியின் அரிப்பை அதிகம் தாங்குவதால், அவற்றால் நுனி அமைந்த பிளக்குகள் விலை அதிகமாயினும் நெடுநாள் உழைக்கின்றன.

பொதுவாகக் கூறுமிடத்து, கார்களில் நிக்கல் பிளக்கு 20 ஆயிரம் முதல் 40 ஆயிரம் கிலோ மீட்டர் வரையிலும், பிளாட்டினம், இரிடியம் பிளக்குகள் 60 ஆயிரம் முதல் ஒரு லட்சம் கிலோ மீட்டர் வரையிலும் உழைக்கும். கார்புரேட்டரும் பழைய முறை இக்னிஷனும் கொண்ட அம்பாஸிடர் போன்ற கார்களுக்கு 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் கிலோ மீட்டரே தக்க எல்லை. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றின் எஞ்சின் வேகமாகச் சுழல்வதால், அவற்றின் சாதாரணப் பிளக்கை 8 ஆயிரம் முதல் 12 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் மாற்றிவிடுவது நலம். இயற்கை வாயுவில் ஓடும் கார்களில் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படுவதால் தேய்மானம் விரைவாகும்; கெடுவும் குறையும்.

இவை பொது அளவுகளே. ஒவ்வொரு வண்டிக்கும் அதனுடன் தரப்படும் கைப்புத்தகத்தில் மாற்ற வேண்டிய கெடுவும், பிளக்கின் நம்பரும், இடைவெளியின் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அதுவே முடிவான பிரமாணம். கைப்புத்தகத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கூறுவதைக் கேட்டு நடப்பது புத்திசாலித்தனமாகாது.

கிலோ மீட்டரா, ஆண்டா?

இங்கே தாராசுரத்தைச் சேர்ந்த காருக்கு ஒரு சிக்கல் ஏற்படுகிறது. அதைக் கணக்கிட்டே காணலாம்.

தாராசுரத்திலிருந்து கும்பகோணம் நகருக்குள் சென்று திரும்பக் கார் ஒன்று நாளொன்றுக்கு 8 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். மாதத்தில் 25 நாட்கள் என்றால், ஆண்டிற்கு 2,400 கிலோ மீட்டர் ஆகிறது. கைப்புத்தகத்தில் 40 ஆயிரம் கிலோ மீட்டர் என்று கண்டிருந்தால், அவ்வளவு தூரத்தை ஓடி முடிக்க அந்தக் காருக்கு 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரையில் ஒரே பிளக்கு நன்கு உழைக்கும் என்று எண்ணலாமா? எண்ணலாகாது.

காரணம் இதுவே. பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்ஸியஸுக்கு மேல் சூடேறினால்தான் அதன்மேற் படியும் கரி தானே எரிந்து நீங்கும். 850 டிகிரிக்கு மேற்பட்டால் பொறி விழுமுன்னரே கலவை பற்றிக்கொண்டு எஞ்சினுக்குக் கேடு விளையும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் வேலை செய்யும்படியே பிளக்கு அமைக்கப்படுகிறது. நான்கு கிலோ மீட்டர் தூரத்தைக் கடைத்தெருவின் நெரிசலிலும், காய்கறிச் சந்தைக்கு முன் நிற்கும் லாரிகளின் நடுவிலும் நின்று நின்று கடக்கும் காரில் எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் பிரயாணம் முடிந்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலும் மிகுதியாகவே ஊட்டப்படுகிறது. ஆகையால் கரி படிகிறதேயன்றி எரிவதில்லை. நாள்தோறும் தஞ்சாவூர் வரையில் ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் சீரான வேகத்தில் ஓடும் கார் இவ்விஷயத்தில் அதிருஷ்டம் பெற்றது. அதன் பிளக்கு தேய்ந்தே மாளும்; ஊருக்குள் ஓடும் காரின் பிளக்கோ தேயுமுன் கரியேறி மாளும்.

அதனாலேயே கைப்புத்தகங்கள் பலவற்றில் கிலோ மீட்டர்க் கணக்கோடு மாதக் கணக்கும் சேர்த்து, இரண்டில் எது முந்துகிறதோ அதன்படி மாற்றுக என்று கூறப்பட்டிருக்கிறது. குறைவாக ஓடும் கார்களுக்கு மாதக் கணக்கே முந்தும். மாதக் கணக்கு கூறப்படாத வண்டிகளில், ஊருக்குள் மட்டும் ஓடும் காரின் நிக்கல் பிளக்கை ஆண்டிற்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவது தக்கது. வெளியூர்ப் பிரயாணம் எப்படியும் நேருகிறபொழுது, வாடகைக் காரை நாடாமல் சொந்தக் காரை எடுத்துச் சென்றால், பிளக்கிற்கும் அது ஒரு வைத்தியமாகும். பிளக்கைச் சுத்தி செய்வதற்கென்றே பெட்ரோலைச் செலவிட்டு ஓட்டி வருவது வீண்.

சிறு எஞ்சின்களுக்கு மணிக் கணக்கு

விசைத்தெளிப்பானுக்கும் களையெடுக்கும் யந்திரத்திற்கும் கிலோ மீட்டர் காட்டும் கருவி இல்லை. அவற்றிற்கு ஓடிய மணியே கணக்கு. இக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை மற்றுமொரு சிறு பெருக்கலால் அறியலாம்.

காரின் எஞ்சின் நிமிஷத்திற்கு 2,000 சுற்றுகள் சுழலுமாயின், ஒவ்வொரு பிளக்கிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம், மணிக்கு 60 ஆயிரம் பொறிகள் விழும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் 40 ஆயிரம் கிலோ மீட்டர் ஓட 1,000 மணி ஆகும். ஆகப் பொறிகள் 6 கோடி. முதுகிற் சுமக்கும் இரண்டு ஸ்ட்ரோக் விசைத்தெளிப்பான் நிமிஷத்திற்கு 6,000 சுற்றுகள் சுழலுகிறது. அதிற் சுற்றுக்கு ஒரு பொறி. மணிக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 100 மணிக்கு 3 கோடியே 60 லட்சம். கார் 600 மணி நேரம் ஓடி விடும் பொறிகளைத் தெளிப்பான் 100 மணியில் விட்டுவிடுகிறது. அதோடு பெட்ரோலில் எண்ணெய் கலந்து எரிவதால் கரியும் அதிகம்.

ஆகையால் இரண்டு ஸ்ட்ரோக் தெளிப்பான், புல் வெட்டும் கருவி ஆகியவற்றின் பிளக்கை 25 மணிக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, 100 மணியில் மாற்றிவிட வேண்டும். நாளைக்கு ஐந்து மணி வேலை என்றால் 100 மணி என்பது 20 நாள் வேலையே. நான்கு ஸ்ட்ரோக் பம்பு எஞ்சின், ஜெனரேட்டர் ஆகியவற்றிற்கு, 100 மணிக்கு அல்லது ஆறு மாதத்திற்கு ஒரு முறை சுத்தி செய்து இடைவெளியைச் சரிபார்ப்பதும், 300 மணிக்கு அல்லது ஆண்டிற்கு ஒரு முறை மாற்றுவதும் பொதுவான விதி. இவற்றின் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லி மீட்டர்.

மணிக் கணக்கு வைத்துக்கொள்வது கடினமான காரியமன்று. தெளிப்பான் தொங்கும் ஆணிக்கருகே சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கட்டி வைத்து, வேலை முடிந்து வந்ததும் தேதியையும் ஓடிய மணியையும் எழுதச் செய்தால் போதும். வாடகைக்கு விடுபவர்களுக்கு இதனால் இரட்டைப் பயன் உண்டு.

இதில் அலட்சியம் செய்வதால் விளையும் கேட்டை உணர வேண்டும். சம்பா பயிரில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் புகையான் தோன்றினால், அது பயிரின் அடித்தூரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சி, சில நாட்களிலேயே வட்டம் வட்டமாகக் கருகச் செய்துவிடும். பொருளாதாரச் சேத எல்லையைக் கடந்துவிட்டது என்று கண்டு மருந்து அடிக்கத் தீர்மானித்த அன்று, தெளிப்பான் கிளம்பவில்லையென்றால், கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்ததோடு காலைப்பொழுதும் போய்விடும். ஆளுக்குக் கொடுத்த கூலி வீண். மறுநாள் மழை பிடித்துக்கொண்டால் மேலும் இரண்டு நாள் தாமதம். ஒரு பிளக்கின் விலை, ஓர் ஆளின் அரை நாள் கூலிக்கும் குறைவு என்பதை அப்பொழுது எண்ணிப் பயனில்லை.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபொழுது, சமவெளியின் தென்பகுதிகளில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்களில் வெகு நாட்கள் மின்சாரம் இல்லை. குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றுவதற்கும் ஜெனரேட்டரையே நம்ப வேண்டியதாயிற்று. நெடுநாள் மூலையிற் கிடக்கும் பெட்ரோல் ஜெனரேட்டருக்கு மாற்றுப் பிளக்கு ஒன்று கைவசம் வைத்திருக்க வேண்டியதன் அவசியம் இத்தகைய காலத்தில்தான் விளங்கும்.

பிளக்கின் முகம் கூறும் செய்தி

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல, கழற்றிய பிளக்கின் நுனியைப் பார்த்தே எஞ்சினின் உடல்நிலையை அறியலாம்.

நுனி இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாயிருக்கிறது. இடைவெளி சரியாகவும் கம்பியின் விளிம்பு கூராகவும் இருந்தால், கெடு வரும் வரையில் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

உலர்ந்த கறுப்புப் புகைக்கரி படிந்திருந்தால், பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது, அல்லது காற்று வடிகட்டியில் தூசு அடைத்திருக்கிறது, அல்லது ஓட்டம் மிகக் குறுகியது என்று அறிக. அறுவடைக் களத்துக்கருகில் வேலை செய்யும் யந்திரங்களில் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும்.

கறுத்து ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் அளவுக்கு மேல் கலக்கப்பட்டிருக்கலாம். "எண்ணெய் சற்று அதிகமாயிருந்தால் எஞ்சினுக்கு நல்லது" என்று கையளவில் ஊற்றும் பழக்கத்தை விட்டு, கைப்புத்தகம் கூறும் அளவைக் குவளையால் அளந்து ஊற்ற வேண்டும்.

பீங்கான் வெளுத்துக் கொப்புளித்தோ, கம்பி நுனி உருகியோ இருந்தால், எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறுகிறது, அல்லது அதற்குரியதல்லாத பிளக்கு மாட்டப்பட்டிருக்கிறது. பிளக்குகளில் சூட்டை விரைவாகக் கடத்துவதும் மெதுவாகக் கடத்துவதும் என வகைகள் உண்டு. மரையளவு ஒத்திருப்பதால் மட்டும் ஒரு பிளக்கு மற்றொரு வண்டிக்குப் பொருந்திவிடாது. நம்பர் முழுவதும் ஒத்திருக்க வேண்டும்.

பீங்கானில் கீறல் கண்டால் நிறம் எதுவாயினும் அந்தப் பிளக்கை எறிந்துவிட வேண்டும்.

கழற்றி மாட்டும் முறை

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும். சூடாயிருக்கும்பொழுது திருகினால் அலுமினியத் தலைப்பகுதியின் மரை கெட்டுவிடும். ஒயரைப் பிடித்து இழுக்காமல், அதன் நுனியிலுள்ள ரப்பர்த் தொப்பியைப் பிடித்து மெல்லத் திருகி எடுக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசையும் ஊதிப் போக்காமல் கழற்றினால், அவை சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனைக் கீறும். பிளக்கு ஸ்பானரைச் செங்குத்தாகப் பொருத்த வேண்டும். சாய்த்துத் திருகினால் பீங்கான் விரிசலுறும்.

நிக்கல் பிளக்கில் படிந்துள்ள கரியை மெல்லிய பிரஷினால் துடைத்து, பெட்ரோல் ஆவி முற்றும் உலர்ந்த பிறகு, இடைவெளி அளக்கும் தகட்டைச் செருகிப் பார்க்கலாம். அகன்றிருந்தால் பக்கக் கம்பியை மட்டும் மெல்ல வளைக்க வேண்டும், நடுக்கம்பியைத் தொடலாகாது. உப்புத் தாளால் தேய்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். உதிர்ந்த மணல் துகள் எஞ்சினுக்குள் செல்வதோடு, பீங்கானில் ஏற்படும் கீறல்களில் கரி முன்னிலும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளின் நுனி மெல்லிய கம்பியாதலின், அவற்றைச் சுரண்டவோ நெருடவோ வேண்டாம். கெடு முடிந்தால் மாற்றுவதே முறை.

புதிய பிளக்கை முதலில் கையினாலேயே திருகி உட்காரச் செய்ய வேண்டும். கையால் திருகும்பொழுதே தடை தோன்றினால் மரை பிசகியிருக்கிறது; எடுத்து மீண்டும் பொருத்துக. அடியில் வளையமுள்ள புதிய பிளக்கை உட்கார்ந்த பின் ஸ்பானரால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். முன்பு உபயோகித்ததை மீண்டும் மாட்டும்பொழுது எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரையில் போதும். வளையமின்றிக் கூம்பாக அமைந்தவற்றிற்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றே அளவு. பலத்தைக் காட்டும் இடம் இதுவன்று. காரில் மூன்றோ நான்கோ பிளக்குகள் இருக்கும். மாற்றினால் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்ற வேண்டும்.

பொறி வருகிறதா என்று பார்ப்பதற்காகக் கழற்றிய பிளக்கை எஞ்சின்மேல் வைத்துக் கயிற்றை இழுக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. பெட்ரோல் சிந்திய தெளிப்பானின் அருகே இதைச் செய்வது, வைக்கோற் போரின் அருகே தீக்குச்சியைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். சந்தேகம் தோன்றினால் புதிய பிளக்கை மாட்டிப் பார்ப்பதே அபாயமற்ற சோதனை. பூச்சி மருந்து பட்ட தெளிப்பானைச் சோப்பு நீரால் கழுவிய பிறகே மராமத்திற்கு எடுக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

பிளக்கின் மேல் சுமத்தப்படும் பிறர் குற்றம்

எஞ்சின் கிளம்பவில்லையென்றால் பழி முதலில் பிளக்கின் மேலேயே விழுகிறது. அது எப்பொழுதும் நியாயமன்று.

கரும்புச் சர்க்கரை ஆலைகளிலும் தானியங்களிலிருந்தும் கிடைக்கும் எதனாலைப் பெட்ரோலுடன் கலக்கும் திட்டப்படி, 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் 20 விழுக்காடு கலப்பு எட்டப்பட்டது. எதனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தெளிப்பானின் தொட்டியில் பெட்ரோலை மாதக் கணக்கில் விட்டுவைத்தால், மழைக்கால ஈரத்தை இழுத்துக்கொண்டு நீர் அடியில் பிரிந்து நிற்கும். கார்புரேட்டரின் நுண்துளைகளிலும் பிசின் அடைக்கும். அப்பொழுது எத்தனை பிளக்குகள் மாற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. பருவ வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும் வரையில் ஓடவிட்டு வைப்பதே இதற்குப் பரிகாரம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கார் திடீரென்று விக்கி விக்கி ஓடினால், பிளக்குக் குழியில் நீர் இறங்கியிருக்கலாம். அல்லது ரப்பர்த் தொப்பியில் வெடிப்புக் கண்டு மின்சாரம் வெளியே கசியலாம். துடைத்து உலர்த்தினாலே சில வேளைகளில் போதும். அடைபட்ட காற்று வடிகட்டியும் தளர்ந்த பாட்டரியும் இவ்வாறே பிளக்கின் மேல் பழி சுமத்துவன. கரியேறிய பிளக்கை மாற்றிவிட்டு, கரியேறிய காரணத்தை ஆராயாமல் விடுவது, வாய்க்காலில் உடைப்பு இருக்க மடையை மட்டும் திறந்துவிடுவது போன்றதாகும்.

வாங்கும்பொழுது பெயர் பெற்ற கம்பெனிகளின் பெட்டியைப் போன்றே அச்சிடப்பட்ட போலிகள் உண்டு என்பதை நினைவிற்கொண்டு, நம்பிக்கையான கடையில் ரசீதுடன் வாங்குக.

ஆண்டிற்கு மூன்று நாட்கள்

இவை அனைத்தையும் நினைவில் வைப்பது எங்ஙனம் என்று கேட்கலாம். சாகுபடி காலண்டரிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

முதலாவது, ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறப்பை எதிர்நோக்கிக் குறுவைக்கு ஆயத்தம் செய்யும் நாட்கள். அப்பொழுது நடவு யந்திரம், களையெடுக்கும் யந்திரம், தெளிப்பான் ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, மணிக் கணக்கு முடிந்ததை மாற்றுக. அணை திறப்பு முன்னும் பின்னும் ஆகலாம். யந்திரம் ஆயத்தமாயிருப்பதில் நஷ்டம் இல்லை.

இரண்டாவது, ஆயுத பூஜை. அன்று யந்திரங்களைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குவது நமது மரபு. அதற்கு முந்திய நாள் கார், மோட்டார் சைக்கிள், ஜெனரேட்டர் ஆகியவற்றின் பிளக்கைப் பார்த்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வண்டிகள் திடமாக இருக்கும். மாற்றிய தேதியையும் கிலோ மீட்டரையும் சிறு அட்டையில் எழுதிக் காரின் பானெட்டின் உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த அட்டையே நினைவூட்டும்.

மூன்றாவது, தைப்பொங்கலுக்குப் பின் சம்பா அறுவடை முடிந்து உளுந்து முளைத்திருக்கும் காலம். தொட்டியைக் காலி செய்து, பிளக்கைத் துடைத்து, தெளிப்பானை உலர்ந்த இடத்தில் தொங்கவிட வேண்டிய தருணம் அது.

சுருங்கக் கூறின், கைப்புத்தகத்தின் கெடுவைக் கிலோ மீட்டர், ஆண்டு, மணி ஆகியவற்றுள் முந்துவதைக் கொண்டு கணக்கிடுக. இடையில் ஆண்டிற்கு ஒரு முறையேனும் பிளக்கின் முகத்தைப் பார்க்க. கெடு முடிந்ததைத் தயங்காமல் மாற்றுக. கெடு முடியாமல் நல்ல நிறத்தோடிருப்பதை எவர் கூறினும் எறிய வேண்டாம். ஒவ்வொரு வகை எஞ்சினுக்கும் சரியான நம்பருள்ள புதிய பிளக்கு ஒன்றை வீட்டில் இருப்பு வைக்க. விதை நெல்லை ஆடியில் தேடாமல் முன்னரே கோட்டை கட்டிவைத்த குடியானவருக்கு, இந்தச் சிறு முன்யோசனை புதிதன்று.